பின்னலாடைக்காக ஒரு நாள் பேரவை கூடட்டும்

சட்டப்பேரவை நினைத்தால் எவ்வளவு விரைவில் கூட முடியும் என்பதற்கு 2023 நவம்பர் 18 சாட்சி. அவை நிறைவேற்றி அனுப்பிய 10 மசோதாக்களை ஆளுநர் ஆர்.என்.ரவி நவம்பர் 13 அன்று திருப்பி அனுப்பினார். பெரும்பாலானவை பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனம் தொடர்பானவை. ஐந்தாம் நாள், விடுமுறை நாளான சனிக்கிழமை என்றும் பாராமல், பேரவைத் தலைவர் மு.அப்பாவு சிறப்பு அமர்வைக் கூட்டினார். முதல்வர் மு.க.ஸ்டாலின் தீர்மானம் கொண்டுவந்தார். அதிமுகவும் பாஜகவும் வெளிநடப்புச் செய்தன. பத்து மசோதாக்களும் மீண்டும் நிறைவேறி ஆளுநர் மாளிகைக்குப் போயின. அமர்வு தொடங்கிய நாளிலேயே முடிந்தும் விட்டது.

அந்த ஒரு நாளின் விளைவு உச்ச நீதிமன்றம்வரை போனது. 2025 ஏப்ரல் 8 அன்று, பத்து மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று இரு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். குடியரசுத் தலைவர் எழுப்பிய கேள்விகளுக்கு அதே ஆண்டு நவம்பர் 20 அன்று பதிலளித்த அரசமைப்பு அமர்வு, ஆளுநருக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதும் வழியும் இல்லை என்று சொன்னது. வழக்கு எந்தத் திசையில் போனாலும், தன் அதிகாரம் கைநழுவுகிறது என்று தெரிந்ததும் அவை உடனே கூடியது சரியான செயல். மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும்.

2023இன் அந்த நவம்பரில் எங்கள் பின்னலாடை ஊரான திருப்பூர் தீபாவளி கழித்துத் திரும்பிக்கொண்டிருந்தது. போனஸ் வாங்கி ஊருக்குப் போனவர்கள் ஒரு வாரம் கழித்துத்தான் வந்து சேர்வார்கள். பனியன் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கதவு திறக்கும். சென்னையில் நடந்த அமர்வை இந்த ஊர் அதிகம் கவனித்திருக்காது. ஆனால் இந்த ஊர் கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று அதில் இருந்தது. அதிகாரத்துக்காக ஐந்து நாளில் கூடும் அவை, கூலிக்காகவும் வேலைக்காகவும் ஒரு நாள் கூடக் கூடாதா?

நினைவில் நிற்கும் சிறப்பு அமர்வுகளை எண்ணிப்பாருங்கள். 2011 டிசம்பர் 15 முல்லைப் பெரியாறுக்காக. 2017 ஜனவரி 23 மாலை ஜல்லிக்கட்டுச் சட்டத்துக்காக. காங்கேயம் காளைகளை வளர்த்த மண் என்பதால் எங்கள் மாவட்டத்துக்கு அதில் தனி மகிழ்ச்சி உண்டு. 2017 பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்புக்காக. 2022 பிப்ரவரி 8 நீட் விலக்கு மசோதாவுக்காக. தண்ணீர், பண்பாடு, ஆட்சி, கல்வி, மாநில உரிமை ஆகிய ஒவ்வொன்றும் அதற்குத் தகுதியானதே. உழைப்பு மட்டும் இந்த வரிசையில் வரவில்லை.

உழைப்பு பற்றிய முடிவு எந்த நாளில் வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். 2023 ஏப்ரல் 21, பட்ஜெட் கூட்டத்தொடரின் கடைசி நாள். தொழிற்சாலைகள் சட்டத்தில் 65-ஏ என்ற புதிய பிரிவைச் சேர்க்கும் திருத்த மசோதா அன்று நிறைவேறியது. ஏப்ரல் 12 அன்றுதான் அறிமுகமாகியிருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை, வார விடுமுறை எப்போது, இடைவேளை எவ்வளவு, கூடுதல் நேரத்துக்குக் கூலி எவ்வளவு என்று அந்தச் சட்டம் வகுத்திருந்த வரம்புகளிலிருந்து எந்தத் தொழிற்சாலைக்கும் விலக்குத் தர அரசுக்கு அது அதிகாரம் கொடுத்தது. 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் என்று தோழமைக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. ஆளுங்கட்சியின் சொந்தத் தொழிற்சங்கமே ஏற்கவில்லை. குரல் வாக்கெடுப்பில் மசோதா நிறைவேறியது.

மூன்றாம் நாள், ஏப்ரல் 24 அன்று, தொழிற்சங்கத் தலைவர்களுடன் பேசிய பிறகு அரசு அதை நிறுத்திவைத்தது. சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடி நூறாண்டு நிறைந்த 2023 மே 1 அன்று, சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் முதல்வர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அரசு இறங்கிவந்ததை அன்றும் பாராட்டினேன், இன்றும் பாராட்டுகிறேன். ஆனால் அந்தப் பத்து நாளில் நடந்ததை எண்ணிப்பார்க்க வேண்டும். சட்டம் அவைக்குள் பிறந்தது. அது தவறு என்று தெரிந்ததும் திருத்தம் நடந்ததும் அவைக்கு வெளியே. உறுப்பினர்கள் முன்கூட்டியே ஒரு முழு நாள் உட்கார்ந்து பேசியிருந்தால், பனியன் கம்பெனியில் 12 மணி நேரம் என்றால் என்ன என்று அவர்களில் யாராவது ஒருவர் சொல்லியிருப்பார்.

திருப்பூரில் அதற்கு 'ஒன்றரை ஷிப்ட்' என்று பெயர். காலை எட்டரைக்கு உட்காரும் டெய்லர் மாலை ஐந்தரைக்கு எழுந்தால் ஒரு ஷிப்ட். கப்பல் தேதி நெருங்கினால் இரவு எட்டரை, ஒன்பது வரை. அது ஒன்றரை. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்று சட்டம் சொன்னாலும், அந்த அரை ஷிப்டுக்கு அரைச் சம்பளமே பல இடங்களில் வழக்கம். தொழிலாளியும் அந்தக் கூடுதல் வேலையைக் கேட்டு வாங்குகிறார். எட்டு மணி நேரக் கூலியில் லைன் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் அடங்குவதில்லை. ஆகவே 12 மணி நேரச் சட்டம் வந்தால் திருப்பூரில் என்ன மாறிவிடும் என்று சிலர் அப்போது கேட்டார்கள். மாறியிருக்கும். இன்று அந்தக் கூடுதல் நேரத்தைக் காட்டித் தொழிலாளர் துறையிடம் முறையிட ஒரு சட்டம் துணைக்கு இருக்கிறது. விலக்கு வந்திருந்தால் அந்தத் துணையும் போயிருக்கும். டெய்லருக்குத் துணையாகக் கைமடி வேலை செய்யும் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு இந்த வேறுபாடு மிகப் பெரிது. அதைச் சொல்ல வேண்டிய இடம் பேரவை.

இந்த ஊரின் தலைவிதியை எழுதிய முடிவுகள் பெரும்பாலும் வேறு இடங்களிலிருந்தே வந்தன. பஞ்சப்படி கேட்டு 1984இல் 127 நாட்கள் நடந்த வேலைநிறுத்தத்தின் முடிவு தெருவிலும் பேச்சுவார்த்தை மேசையிலும் கிடைத்தது. நான்காண்டுக்கு ஒருமுறை சங்கங்களும் முதலாளிகள் அமைப்புகளும் உட்கார்ந்து போடும் கூலி ஒப்பந்தம் அந்த மரபின் தொடர்ச்சி. அது இந்த ஊரின் பெருமைக்குரிய ஏற்பாடு. இந்தியாவில் இத்தனை சங்கங்களும் இத்தனை முதலாளி அமைப்புகளும் ஒரே மேசையில் உட்காரும் தொழில் நகரங்கள் அதிகமில்லை. ஆனால் அந்த ஒப்பந்தத்தின் பயன் ஷிப்ட் சம்பளக்காரருக்கே முழுதாகப் போய்ச் சேர்கிறது. பீஸ் ரேட் காண்ட்ராக்டில் தைப்பவர், பத்துப் பன்னிரண்டு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்யும் பவர் டேபிள்காரர், வீட்டுத் திண்ணையில் பிசிறு வெட்டும் பெண்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து விடுதியில் தங்கி வேலைசெய்யும் பிள்ளைகள் ஆகியோருக்கு அந்த மேசையில் நாற்காலி இல்லை. தையல் தொழிலுக்கான குறைந்தபட்சக் கூலியை நீண்ட இடைவெளிக்குப் பின் 2014இல் அரசு உயர்த்தியபோது, முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். உயர்வு செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல 2016 ஆயிற்று. இடையில் போன மாதங்களின் கூலியை யார் கணக்குப் பார்ப்பது?

நொய்யலின் கதை இதைவிடக் கசப்பானது. பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை 1992இல் பயன்பாட்டுக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. கரையோர நிலங்களில் உப்புப் பூத்தது, கிணறுகள் கெட்டன, தென்னைகள் காய்ந்தன. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் நீதிமன்றம் போனது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்று 2006 இறுதியில் உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. கெடு தாண்டி வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் பைசாக் கணக்கில் அபராதம் விதித்தது. 2009இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆணை நிறைவேறாததால் 2011 ஜனவரி 28 அன்று எல்லாச் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. துணி லாரியேறி வெளியூர் போய்ச் சாயமேற்றிக்கொண்டு வந்தது. சாயப்பட்டறையை நம்பியவர்கள் குடும்பத்தோடு ஊரைக் காலிசெய்து போனார்கள்.

நீதிமன்றத்தைக் குறை சொல்ல மாட்டேன். விவசாயி வேறு எங்கே போவார்? பதினைந்து ஆண்டுக் காலம் ஒரு ஆறு செத்துக்கொண்டிருந்தபோது, அந்த ஆற்றின் இரு பக்கத்தாருக்கும் பிரதிநிதிகள் பேரவையில் இருந்தார்கள். கரையில் பயிர்செய்தவரின் ஓட்டும் கரையில் பட்டறை வைத்தவரின் ஓட்டும் ஒரே பெட்டியில்தான் விழுந்தன. இருவரையும் சேர்த்துவைத்து வழி காணும் தகுதி அந்த அவைக்கு மட்டுமே இருந்தது. அது செய்யாமல் விட்டதை நீதிமன்றம் ஒரே உத்தரவில் செய்தபோது, அதன் வலியைப் பட்டறைத் தொழிலாளியே சுமந்தார். பிறகு வட்டியில்லாக் கடனாக மாநில அரசு 200 கோடி ரூபாய் கொடுத்தது, அருள்புரம் போன்ற நிலையங்கள் கழிவுநீரை முழுவதும் மீட்டு மறுபடி பயன்படுத்தும் முறைக்கு மாறின, இன்று 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுடன் உலகமே வந்து பார்க்கும் இடமாகத் திருப்பூர் இருக்கிறது. இதே கடனைப் பற்றியும் இதே தொழில்நுட்பத்தை நோக்கிய முயற்சியைப் பற்றியும் ஐந்து ஆண்டு முன்னால் அவை பேசி முடிவெடுத்திருக்கலாம். சுத்திகரிப்பில் மிஞ்சும் கலப்பு உப்பு மூட்டைகளை என்ன செய்வது என்ற கேள்வி இன்னும் ஷெட்டுகளில் அடுக்கிக் கிடக்கிறது. அதற்கும் இன்னொரு நீதிமன்ற உத்தரவு வரும்வரை காத்திருக்கப்போகிறோமா?

இந்த ஊரைப் பாதித்த மற்ற முடிவுகள் டெல்லியிலும் வாஷிங்டனிலும் எடுக்கப்பட்டவை. நூல் விலை ஏறியபோது 2022 மே மாதம் ஊரே கடையடைத்தது. பருத்தி இறக்குமதித் தீர்வையைக் குறைப்பதும் கூட்டுவதும் ஒன்றிய அரசின் கையில். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது, ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அமெரிக்காவுக்கு அனுப்பும் ஊர் விக்கித்து நின்றது.

வியப்பான ஒன்றும் நடந்தது. 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்ற பொய்ச் செய்தி பரவியது. பீகார் சட்டப்பேரவையில் அதை வைத்து அமளி எழுந்தது. பீகார் அரசின் அதிகாரிகள் குழு திருப்பூருக்கே வந்து தொழிலாளர்களிடம் விசாரித்துவிட்டுப் போனது. செய்தி பொய்தான். ஆனாலும் தன் ஊர்ப் பிள்ளைக்கு ஆபத்து என்று கேட்டதும் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு பேரவை பதறியதை நான் மதிக்கிறேன். அந்தப் பதற்றத்தில் ஒரு பங்கையாவது இங்கே உள்ள பேரவையிடம் எதிர்பார்ப்பது தவறா?

இப்போது அதற்கான அவசரமும் வந்துவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் ஒன்றிய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. தொழிற்சாலைகள் சட்டமும் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் அவற்றுக்குள் கரைந்துவிட்டன. திருப்பூருக்கு இதில் ஒரு வரி மிக முக்கியம். மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் வேலைசெய்தால் அது தொழிற்சாலை என்பது பழைய வரையறை. புதியதில் 20 பேர். பதினைந்து டெய்லர்களுடன் ஓடும் ஜாப் ஒர்க் யூனிட்டுகள் எத்தனை என்று பி.என். ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஏதாவது ஒரு சந்தில் நடந்துபார்த்தால் தெரியும். அவை எல்லாம் தொழிற்சாலை என்ற பெயருக்கும் அதற்குரிய விதிகளுக்கும் வெளியே போகின்றன. சட்டம் ஒன்றிய அரசினுடையது என்றாலும் அதை நடத்துவதற்கான விதிகள் பலவற்றை வகுப்பது மாநில அரசு. ஒரு நாள் வேலை எத்தனை மணி நேரத்துக்குள் விரிந்து கிடக்கலாம், எந்தப் பணிக்கு எந்த நிலையில் கூலி, ஆய்வு எப்படி நடக்கும் என்பதெல்லாம் விதிகளில் அடங்கும். விதிகள் அரசிதழில் வரும். பிறகு பேரவையின் மேசையில் வைக்கப்படும். மேசையில் வைக்கப்படும் தாள்களை அவையில் யாரும் உரக்கப் படிப்பதில்லை. 2023 ஏப்ரலில் ஒரு பிரிவைத் தெருவில் நின்று தடுத்தோம். விதியாக வருவதைத் தடுக்க அவ்வளவு பேருக்குத் தகவல்கூடப் போய்ச்சேராது.

ஆகவே நான் கேட்பது பின்னலாடை, விசைத்தறி, சாயத் தொழில் மூன்றுக்குமான ஒரு சிறப்பு அமர்வு. பல்லடமும் சோமனூரும் அதில் சேர வேண்டும். கூலிக்கு நெய்யும் விசைத்தறிக்காரர்கள் 2025 மார்ச்சில் தொடங்கி ஒரு மாதம் தறியை நிறுத்திப் போராடித்தான் உயர்வு பெற்றார்கள்.

அப்படி ஓர் அமர்வின் தொடக்க நாள் எப்படி இருக்கக் கூடாது என்பதற்குப் பஞ்சாப் பாடம். ஒன்றிய அரசின் வேளாண் சட்டங்களுக்கு எதிராக 2020 அக்டோபர் 19 அன்று அங்கே சிறப்பு அமர்வு தொடங்கியது. நாட்டில் முதலில் துணிந்த மாநிலம் அது. ஆனால் தொடக்க நாளில் மசோதாவின் நகல்கூட உறுப்பினர்கள் கைக்கு வரவில்லை. ஆம் ஆத்மி உறுப்பினர்கள் நகல் கேட்டுப் பேரவை வளாகத்திலேயே இரவைக் கழித்தார்கள். மறுநாள் மசோதாக்கள் நிறைவேறின. நோக்கம் எவ்வளவு உயர்ந்ததாயினும், படிக்கக் கொடுக்காமல் கையைத் தூக்கச் சொன்னால் அவை சிறுத்துப்போகும்.

நம் அமர்வின் முதல் நாளில் எந்த மசோதாவும் வேண்டாம், வாக்கெடுப்பும் வேண்டாம். இரண்டு வாரம் முன்னதாக, எல்லாக் கட்சி உறுப்பினர்களும் கொண்ட பேரவைக் குழு ஒன்று திருப்பூருக்கு வந்து உட்காரட்டும். சங்கத் தலைவர்களையும் ஏற்றுமதியாளர்களையும் பார்ப்பதோடு நில்லாமல், ஞாயிற்றுக்கிழமை வந்து, விடுமுறையில் இருக்கும் பீஸ் ரேட் டெய்லரையும் ஒடியா பேசும் செக்கிங் பெண்ணையும் ஒரத்துப்பாளையத்து விவசாயியையும் கேட்கட்டும். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. அவர்கள் சொன்னது எழுத்தில் பதிவாகி, குறைந்தபட்சக் கூலி, ஜாப் ஒர்க் நிலுவை, தொழிலாளர் குடியிருப்பு, கலப்பு உப்பு பற்றிய அரசின் வெள்ளை அறிக்கையோடு 234 உறுப்பினர்களுக்கும் ஒரு வாரம் முன்பே கிடைக்க வேண்டும். தொடக்க நாள் முழுவதும் அதன் மீது விவாதம். தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின் மாநில விதிகள், இனி வருபவையானாலும் திருத்தப்படுபவையானாலும், வரி வரியாக அன்று பேசப்பட வேண்டும்.

தொழிலாளர் துறைக்கும் துணிநூல் துறைக்கும் மானியக் கோரிக்கை விவாதம் ஆண்டுதோறும் நடக்கிறதே என்பார்கள். நடக்கிறது, வேறு துறைகளோடு சேர்த்து ஒரே நாளில். தொகுதிப் பாலம், பள்ளிக் கட்டிடம், கட்சித் தலைவருக்குப் புகழுரை எல்லாம் போக, நூலைப் பற்றிப் பேச ஓர் உறுப்பினருக்கு மிஞ்சும் நிமிடங்கள் சொற்பம். ஆண்டுக்கு 100 நாள் அவை நடக்கும் என்று 2021 தேர்தல் அறிக்கையில் திமுக வாக்களித்தது. ஆட்சிக்கு வந்த பிறகு எந்த ஆண்டும் அந்த அளவை எட்டவில்லை. அதற்கு முன் ஆண்ட அதிமுகவும் அதிக நாள் அவை நடத்திய கட்சி இல்லை. அமெரிக்க வரியைப் பேரவை என்ன செய்ய முடியும் என்ற கேள்வியும் வரும். வரியைக் குறைக்க முடியாது. ஆனால் ஆர்டர் நின்ற மாதங்களில் சிறிய யூனிட்டின் மின்கட்டணத்தை என்ன செய்வது, வேலையிழந்த டெய்லரின் வாடகைக்கு யார் பொறுப்பு, கூட்டுறவு வங்கிக் கடனை எத்தனை மாதம் தள்ளிவைப்பது என்பவை பெரும்பாலும் மாநிலத்தின் கையில் உள்ளவை.

கட்சிக் கட்டளை இருக்கும்வரை சிறப்பு அமர்வும் குரல் வாக்கெடுப்பில் முடிந்துவிடும் என்ற அச்சம் மட்டும் எனக்கும் உண்டு. முதல் நாளில் வாக்கெடுப்பு வேண்டாம் என்று சொல்வது அதனால்தான். வாக்கெடுப்பு இல்லாத விவாதத்தில் ஆளுங்கட்சி உறுப்பினரும் தன் தொகுதிக்காரரின் குரலில் பேச இடம் கிடைக்கும். 2022 ஜனவரி முதல் கேள்வி நேரம் நேரலையாக வருகிறது. அன்றைய அமர்வு காலை முதல் இரவுவரை வெட்டாமல் நேரலையாக வர வேண்டும். தைத்துக்கொண்டே கேட்க முடிகிற ஊர் இது, கம்பெனிகளில் பாட்டுக்குப் பதில் அன்று பேரவை ஒலிக்கட்டும்.

திருப்பூர் வடக்கு, தெற்கு, பல்லடம், அவிநாசி, காங்கேயம், தாராபுரம், உடுமலைப்பேட்டை, மடத்துக்குளம் என்று இந்த மாவட்டத்துக்கு எட்டு உறுப்பினர்கள். எந்தக் கட்சிச் சின்னத்தில் வென்றிருந்தாலும் எட்டுப் பேரும் ஒரே தாளில் கையெழுத்திட்டுச் சிறப்பு அமர்வு கேட்டுப் பேரவைத் தலைவருக்குக் கடிதம் கொடுக்க எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை. முதலில் அந்தக் கடிதம் எழுதப்பட வேண்டும். எழுதும்படி எட்டு அலுவலகங்களுக்கும் போய்க் கேட்க வேண்டியவர்கள், கூலி ஒப்பந்த மேசையின் இரு பக்கமும் உட்காரும் சங்கங்களும் முதலாளி அமைப்புகளும்தான்.